அந்த ஒருத்தரைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்

ஜோசியம் பார்க்கிற டாரட் சீட்டை வைத்துக்கொண்டு ஒருதலைக் காதலிலிருந்து எழுந்து வந்தேன் என்று சிவகாசியில் சொன்னால், முதலில் சிரிப்பார்கள். அப்புறம் சீட்டு எத்தனை ஜிஎஸ்எம், அதாவது தாள் எவ்வளவு கனம் என்று கேட்பார்கள். 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, இரண்டு பக்கமும் மேட் லேமினேஷன். சரி, இனி விஷயத்துக்கு வரலாம்.

ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் டிசைனராக இருக்கிறேன். விசிட்டிங் கார்டில்தான் டிசைனர். காலண்டர், கல்யாணப் பத்திரிகை, மசாலா பாக்கெட், பள்ளிக்கூட டைரி என்று வருகிற ஃபைலையெல்லாம் சரி பார்த்து பிளேட்டுக்கு அனுப்புவதுதான் அன்றாட வேலை. ஆடிப்பெருக்குக்குப் புது வருடக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். அதிலிருந்து மார்கழி வரை எங்கள் ஊரில் யாருக்கும் சோறு தண்ணி நினைவிருக்காது.

அப்படிப்பட்ட ஒரு சீசனில்தான் மதுரையிலிருந்து சிறுவர் புத்தக வேலை ஒன்று வந்தது. கலர் பார்ப்பதற்காக அந்தப் பதிப்பகத்தின் எடிட்டர் அடிக்கடி வந்துபோனார். அவரை ‘அவர்’ என்றே எழுதுகிறேன். நாங்கள் வாங்க, போங்க என்பதைத் தாண்டிப் பேசிக்கொண்டதே இல்லை.

எனக்குப் பிடித்தது அவருடைய கண். அழகான கண் என்று சொல்ல வரவில்லை. அச்சுக்கு முன்னால் சரிபார்க்க எடுக்கும் மாதிரித் தாளான ப்ரூஃபை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இந்த ஆட்டுக்குட்டி லேசா பச்சையடிக்குதே, மெஜந்தா ஒரு அஞ்சு கூட்டிப் பாக்கலாமா?” என்று கேட்பார். கூட்டிப் பார்த்தால் சரியாக இருக்கும். இந்தத் தொழிலில் ஊறிய பெரியவர்களுக்கே அந்தக் கண் எளிதில் வாய்ப்பதில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஆட்டுக்குட்டிக்கும் யானைக்கும் கலர் பார்த்துக்கொண்டிருந்த சாயங்காலங்களில் எனக்குள் என்னவோ ஆகிவிட்டது. புத்தகம் பைண்டிங்குக்குப் போன பிறகு வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டேன்.

அன்றைக்கே பதில் வந்தது. உங்கள் மேல் மரியாதை இருக்கிறது, ஆனால் அந்த மாதிரி எண்ணம் இல்லை, இனிமேலும் வராது என்றுதான் நினைக்கிறேன், வேலை எப்போதும்போல நடக்கட்டும் என்று எழுதியிருந்தார். சுற்றி வளைக்காத, மரியாதையான பதில்.

டீக்கடையில் நண்பர்களிடம் காட்டினேன். “மாப்ள, ‘நினைக்கிறேன்’னு போட்டிருக்குல்ல? அப்ப ஒரு கேப் இருக்கு. விடாத” என்றான் ஒருவன். பொண்ணுங்க முதலில் அப்படித்தான் சொல்லும், பின்னாடியே போய்க்கொண்டே இரு என்றான் இன்னொருவன். இடைவேளை வரை வேண்டாம் என்று சொல்லும் பெண் இடைவேளைக்குப் பிறகு மனசு மாறுவதைப் பார்த்தே வளர்ந்த ஆண்கள் நாங்கள். ஒரு பெண் சொல்லும் ‘இல்லை’யை யாருமே பதிலாக எடுத்துக்கொள்வதில்லை. அதில் ஓட்டை தேடிக் கொடுக்க ஊரே கூடும். அதை அப்படியே ஏற்றுக்கொண்டு வீட்டுக்குப் போக நினைக்கிறவனுக்குத் துணைக்கு ஆளில்லை.

இந்த நிலையில்தான் டாரட் வேலை வந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு மேடம். வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கிவிட்டு டாரட் பார்க்கிறார். தமிழில் பெயர் போட்டு ஒரு செட், கூடவே ஒரு சின்னக் கையேடு, இரண்டும் அச்சடிக்க வேண்டும். படங்கள் 1909-ல் லண்டனில் வெளியான செட்டிலிருந்து. காப்புரிமை பற்றி முதலாளி கேட்டதற்கு மேடமே கணக்குச் சொன்னார்: வரைந்தவர் இறந்தது 1951, நம் நாட்டுச் சட்டப்படி அதிலிருந்து 60 வருடம், ஆகவே 2012 முதல் பிரச்சினை இல்லை. பிற்பாடு கலர் மாற்றி வெளியிட்டவர்களின் படத்தைத் தொட்டால்தான் வம்பு. அதனால் பழைய பதிப்பையே ஸ்கேன் செய்து கொண்டுவந்திருந்தார். வங்கிக்காரர் இல்லையா, காகிதமெல்லாம் பக்கா.

மொத்தம் 78 சீட்டு. 22 பெரிய சீட்டுகள். சாவு, சூரியன், பைத்தியக்காரன் எல்லாம் அதில் வரும். மீதி 56, கோல், கோப்பை, வாள், காசு என்று நாலு வகை. நம் ரம்மிச் சீட்டில் ஒரு வகைக்கு 13 என்றால் இதில் 14, ஒரு குதிரைவீரன் கூடுதல்.

கையேட்டை லேஅவுட் செய்யும்போது மூன்று வாள் படம் திரையில் வந்தது. சாம்பல் நிற மேகம், சாய்ந்து விழும் மழை, நடுவில் சிவப்பாக ஒரு இதயம், அதில் குத்தி நிற்கும் மூன்று வாள்கள். ஆள் யாரும் இல்லை. எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று தோன்றியது. பார்த்தது மட்டுமில்லை, பிளேட்டே போட்டிருக்கிறேன். கிறிஸ்தவக் காலண்டர்களில் வரும் வியாகுல மாதா. அங்கே மாதாவின் நெஞ்சில் ஏழு துயரத்துக்கு ஏழு வாள், இங்கே மூன்று. ஆனால் மாதா படத்தில் முகம் இருக்கும், கண்ணீர் இருக்கும், யாருடைய துக்கம் என்று தெரியும். இந்தச் சீட்டில் துக்கம் மட்டும் தனியாக மழையில் நின்றது. இதயத்திலிருந்து ஒரு சொட்டு ரத்தம்கூட வழியவில்லை.

மெஷின் ஓடுகிற அன்று கலர் ஓகே செய்ய மேடம் வந்திருந்தார். காலையிலிருந்து மஞ்சளில்தான் சண்டை. “தம்பி, இது பங்கனப்பள்ளி மஞ்சள். எனக்கு எலுமிச்சை மஞ்சள்தான் வேணும்” என்று மெஷின்மேனை ஒரு வழி பண்ணிவிட்டார். நடுவில் நான் அந்த மூன்று வாள் ஷீட்டையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தவர், “யாரு?” என்று மட்டும் கேட்டார். மெஷின் சத்தத்தில் கத்தித்தான் சொல்ல முடியும். என் ஒருதலைக் காதலைக் கத்திச் சொன்னேன்.

முழுதும் கேட்டுவிட்டு, “வேஸ்ட் ஷீட்லேர்ந்து ஒரு செட் வெட்டி எடுத்துக்கங்க. காசு வேண்டாம். ஆனா ஒண்ணு. அந்தப் பொண்ணைப் பத்தி ஒரு கேள்வியும் கேக்கக் கூடாது. அவங்க என்ன நினைக்கிறாங்க, மனசு மாறுமா, வேற யாரும் இருக்காங்களா, எதுவும். அவங்க வீட்டுக் கதவுல காது வைக்கிற வேலை அது” என்றார். “அப்புறம் பரிகாரம், ராசிக்கல், வசியம் எதுவும் என்கிட்ட கிடையாது. அதையும் இப்பவே சொல்லிடுறேன்.”

மெஷின் ஓட ஆரம்பிக்கும்போது கலரும் ரெஜிஸ்ட்ரேஷனும் (நிறங்கள் விலகாமல் ஒன்றின் மேல் ஒன்று விழுவது) சரியாகும்வரை வரும் ஷீட்டுகள் எல்லாம் கழிவுக்குப் போகும். அதிலிருந்து 78-ஐயும் பொறுக்கி, லேமினேஷனுக்கு நல்ல ஷீட்டோடு சேர்த்து அனுப்பி, ஓரத்தை வளைத்து வெட்டும் டைக்குப் போடாமல் கட்டிங் மெஷினில் நானே வெட்டிக்கொண்டேன். ஓரம் வளைவு கிடையாது, சதுர மூலை. சில சீட்டில் சிவப்பு மங்கல், சில சீட்டில் நீலம் அரை மில்லிமீட்டர் விலகி ஆளுக்கு இரண்டு மூக்கு. நான் இன்றும் வைத்திருப்பது அந்த செட்தான்.

ராத்திரி சாப்பிட்டுவிட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து சீட்டைக் கலைத்தால், கேள்வி வரவில்லை. வந்த கேள்வியெல்லாம் அவரைப் பற்றியே இருந்தது. அவர் ஏன் அப்படிச் சொன்னார். அவருக்கு என் மேல் துளிக்கூட இல்லையா. ப்ரூஃபைத் திருப்பிக் கொடுக்கும்போது சிரித்தாரே, அது என்ன. ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனால் என்னிடம் கேட்க ஒன்றுமே மிச்சமில்லை. வெறும் சீட்டுக்கட்டோடு உட்கார்ந்திருந்தேன். என் தலைக்குள் நான் எவ்வளவு கொஞ்சமாக இருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

எழுவாய் ‘நான்’ ஆக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். அப்படி மாற்றியதும் கேள்விகள் சங்கடமாயின. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அவர் ஆன்லைனில் இருக்கிறாரா என்று நான் எதற்குப் பார்க்கிறேன்? வேலையில் எந்த நேரத்தில் இது என்னைப் பிடிக்கிறது? இதை நான் யாரிடம் மறைக்கிறேன்? ஒரு கேள்வி, ஒரு சீட்டு. தோன்றுவதைத் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதுவேன். எங்கள் ஊரில் அந்தத் தாளுக்குப் பஞ்சமே கிடையாது.

இதை நம்புகிறாயா என்று கேட்பவர்கள் உண்டு. சீட்டுக்கு எதிர்காலம் தெரியும் என்றா? இல்லை. இது பிறந்ததே விளையாட்டுக்கு. 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில், மிலான், ஃபெராரா பக்கத்து பிரபுக்கள் வீட்டில் ஆடிய சீட்டாட்டம். முன்னூறு வருடத்துக்கு மேல் கழித்து, 1781-ல், கூர் த ஜெபெலான் என்ற பிரெஞ்சுக்காரர் இது பழைய எகிப்தின் ரகசிய ஞானம் என்று எழுதிவைத்தார். ஆதாரம் எதுவும் கிடையாது. சில வருடத்தில் எத்தெய்யா என்ற பெயரில் இன்னொருவர் ஜோசியம் பார்க்கும் முறையையே புத்தகமாகப் போட்டுவிட்டார். மேடமிடம் இதைச் சொன்னபோது அவருக்குக் கோபம் வரவில்லை. “சீட்டு பேசும்னு நான் எப்ப சொன்னேன்? நீங்க பேசணும்” என்றார்.

என் அனுபவமும் அதுதான். மனசு கனக்கும்போது ‘எப்படி இருக்கே’ என்று யாராவது கேட்டால் ‘நல்லா இருக்கேன்’ என்று வாய் தானாகச் சொல்லிவிடும். முன்னால் ஒரு படத்தை வைத்து ‘இதில் நீ எங்கே இருக்கிறாய்’ என்றால் அப்படிச் சொல்ல முடியாது. கையை நீட்டிக் காட்டியாக வேண்டும். எந்தப் படம் வரும் என்பது நம் கையில் இல்லாததும் உதவுகிறது. நானாகத் தேர்ந்தெடுத்தால் தினமும் மூன்று வாளைத்தான் எடுத்திருப்பேன்.

எனக்கு உண்மையில் வேலை செய்தது ஏழு கோப்பை. கறுப்பு நிழலாக ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். எதிரே மேகத்தின் மேல் ஏழு கோப்பைகள். ஒன்றில் ஒரு தலை, ஒன்றில் கோட்டை, ஒன்றில் நகைகள், ஒன்றில் பாம்பு, ஒன்றில் துணி போர்த்திய ஒரு உருவம், இப்படி. அவன் கை அகல விரிந்து வியப்பில் நிற்கிறது. கோப்பைகளுக்குக் கீழே மேசையோ தரையோ எதுவும் இல்லை. மேகம்தான்.

அன்றைய கேள்வி, அவரைப் பற்றி எனக்கு உண்மையில் என்ன தெரியும் என்பது. (எழுவாய் தப்பிவிட்டதா என்று யோசித்தேன். தெரிந்தவன் நான்தானே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.) காலண்டர் தாளில் நடுவே கோடு போட்டு இடப்பக்கம் தெரிந்ததை எழுதினேன். டீக்குச் சர்க்கரை வேண்டாம் என்பார். அம்மா போன் பண்ணினால் எந்த வேலையிலும் எடுத்து “சொல்லும்மா” என்பார். குழந்தைகள் புத்தகத்தில் வளைந்து நெளிந்த எழுத்து போட்டால் பிடிக்காது. மெஜந்தா ஐந்து சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். அவ்வளவுதான். அதற்கு மேல் பேனா நகரவில்லை.

வலப்பக்கம் நானாகச் சேர்த்ததை எழுத ஆரம்பித்தேன். தாள் போதவில்லை. அவர் என் அம்மாவோடு ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குப் போய்விட்டு பால்கோவா வாங்கி வருவது. மதுரையில் நாங்கள் வாடகைக்கு எடுக்கும் வீடு, அதில் வடக்குப் பார்த்த ஜன்னல், ப்ரூஃப் பார்க்க வெளிச்சம் வேண்டுமே. சேர்ந்து ஆரம்பிக்கப்போகும் சின்னப் பதிப்பகம். முதல் சண்டைகூட நடந்து முடிந்திருந்தது. அதில் நான் ஜெயித்திருந்தேன், அவர் மன்னிப்புக் கேட்டிருந்தார்.

அவருக்கு இதில் ஒரு வரிகூடத் தெரியாது. கையெழுத்தாகாத ப்ரூஃபை நான்பாட்டுக்கு மெஷினில் ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தேன், அதுவும் லட்சக்கணக்கில். நான் இழந்ததாக அழுதது பெரும்பாலும் இந்த வலப்பக்கத்தைத்தான். இடப்பக்கத்து மனிதர் எதையும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போகவில்லை. அடுத்த மாதமே ஒரு வேலை விஷயமாக மெயில் அனுப்பியிருந்தார், வணக்கத்தோடு.

இதற்கு உளவியலில் ஒரு பெயர் இருக்கிறது. டாரதி டென்னோவ் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்தப் பித்தை லிமெரன்ஸ் என்று அழைத்து 1979-ல் ஒரு புத்தகமே எழுதினார். ஆசைக்கு இடம் இருக்க வேண்டும், கூடவே நிச்சயமின்மையும் இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்தால் இந்தத் தீ அணையாது என்பது அவர் கண்டது. அதைப் படித்த பிறகுதான் மேடம் ஏன் அந்த விதியைப் போட்டார் என்பது எனக்கு உறைத்தது. யூடியூபில் தேடிப் பாருங்கள். ‘உங்க மனசுக்குப் பிடிச்சவர் இப்ப உங்களைப் பத்தி என்ன நினைக்கிறார்?’ மூன்று சீட்டுக்கட்டு வைத்திருப்பார்கள், ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். எந்தக் கட்டை எடுத்தாலும் அவருக்கு உங்கள் ஞாபகம் இருக்கும், ஆனால் ஏதோ தடை இருக்கும், கொஞ்சம் பொறுத்தால் செய்தி வரும். கொஞ்சம் ஆசை, கொஞ்சம் சந்தேகம். டென்னோவ் சொன்ன அதே சேர்மானம். நாளைக்கு இன்னொரு வீடியோ வரும். தெளிவாக ‘இல்லை’ என்று சொல்லப்பட்ட ஒருவனுக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. டாரட்டைத் திட்டுகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டுத் திட்டினால் நான் குறுக்கே வரமாட்டேன்.

ஒருநாள் அம்மா பார்த்துவிட்டார்.

“என்னடா, சீட்டாட ஆரம்பிச்சிட்டியா?”

“இல்லம்மா. ஜோசியம் மாதிரி.”

“அப்ப கிளி எங்க?”

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கிளி இல்லாமல் மனுசனே சீட்டெடுக்கும் ஜோசியத்தில் அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை. நமக்கு வேண்டியதை நாமே பார்த்து எடுத்துவிடுவோமாம், கிளிக்குத்தான் ஓரவஞ்சனை கிடையாதாம். யோசித்துப் பார்த்தால் அதில் தப்பு சொல்ல முடியாது. ஆனாலும் உட்கார்ந்து ஒரு சீட்டை உருவினார். கோப்பைக் குதிரைவீரன் வந்தான். தலைக்கவசத்தில் இறக்கை, வலக்கையில் ஒரு கோப்பை, மெதுவாக நடக்கும் குதிரை, முன்னால் ஒரு ஆறு. காதலைச் சொல்ல வரும் வாலிபன் என்றுதான் கையேட்டில் நானே லேஅவுட் செய்திருக்கிறேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “யாருக்குடா கொண்டு போறான்?”

நான் அந்தச் சீட்டை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், இது தோன்றியதில்லை. படத்தில் அவனுக்கு எதிரே யாரும் இல்லை. வாங்கிக்கொள்ள ஒரு கை இல்லை, தூரத்தில் ஒரு வீடு இல்லை. கொண்டு போகிறவன் மட்டும் அத்தனை அலங்காரத்தோடு, கோப்பை சிந்தாமல் போய்க்கொண்டிருக்கிறான். எங்கள் சினிமாக் கதாநாயகன்தான். “தெரியலம்மா” என்றேன். “தெரியாமயா இம்புட்டு ஜோடனை?” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அம்மாவுக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தூக்கம் வராத ராத்திரிகளில் கேள்வியே கேட்பதில்லை. ஆபீஸிலிருந்து கொண்டுவந்த லென்ஸை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சீட்டிலும் ஓவியரின் கையெழுத்தைத் தேடுவேன். பி, சி, எஸ் மூன்றும் பின்னிக்கொண்டு பாம்பு மாதிரி நெளிந்திருக்கும். பமேலா கோல்மன் ஸ்மித். ஏ.ஈ. வெயிட் என்பவர் சொல்ல, 1909-ல் ஏறக்குறைய அரை வருடத்தில் இந்தப் படங்கள் முழுவதையும் வரைந்து கொடுத்தவர். சின்ன சீட்டுகளில் பொதுவாக ஐந்து கோப்பை என்றால் ஐந்து கோப்பையை வரிசையாகப் போட்டுவிட்டுப் போவதுதான் அதுவரை பெரும்பாலும் வழக்கம். பெரும்பாலானவற்றுக்கு ஆளை நிறுத்தி, கதை வைத்து வரைந்தது இவர். மூன்று வாளின் இதயத்துக்குப் பழைய மாதிரி ஒன்று உண்டு. 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் செய்த சோலா பூஸ்கா என்ற செட்டிலும் மூன்று வாள் ஒரு இதயத்தைத் துளைக்கிறது. அதன் புகைப்படங்கள் 1907-ல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்தன.

அவ்வளவு வேலைக்கு அவருக்குக் கிடைத்தது ரொம்பச் சொற்பம். ரொம்பப் பெரிய வேலையை ரொம்பக் குறைந்த காசுக்கு முடித்தேன் என்று அந்த வருடமே நியூயார்க்கில் இருந்த ஸ்டீக்லிட்ஸ் என்ற புகைப்படக் கலைஞருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். செட்டின் பெயரில் பதிப்பாளர் ரைடர் இருக்கிறார், வெயிட் இருக்கிறார். இவர் பெயரைச் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்ததே வெகு காலத்துக்குப் பிறகுதான். கார்ன்வாலில் வறுமையில் இறந்தார். டிசைன் வேலை பார்க்கிற எவனுக்கும் இதைக் கேட்டால் வயிறு எரியும். எனக்கு எரிந்தது, அது நல்லதாகவும் இருந்தது. கொஞ்ச நேரமாவது இன்னொருவருக்காக வருத்தப்பட முடிந்தது. பாதிச் சீட்டு தேடுவதற்குள் தூங்கிவிடுவேன்.

ஐந்து கோப்பையைப் பற்றி ஒரு புகார் உண்டு. கறுப்புப் போர்வை போர்த்தியவன் கவிழ்ந்து கிடக்கும் மூன்று கோப்பையைப் பார்த்து நிற்பான், பின்னால் இரண்டு கோப்பை நிமிர்ந்து நிற்கும். ‘திரும்பிப் பார், இரண்டு இருக்கிறது’ என்று எல்லாக் கையேடும் அவனுக்குப் புத்தி சொல்லும். கொட்டினது கொட்டினதுதானே, கொஞ்ச நேரம் நின்று பார்க்க விட்டால் என்ன? மேடமிடம் சண்டையே போட்டேன். “நில்லுங்களேன், யாரு வேண்டாம்னா?” என்றார்.

ஒன்பது வாளும் வந்தது. கட்டிலில் எழுந்து உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டிருக்கும் உருவம், பின்னால் இருட்டு, படுக்கை வசமாக ஒன்பது வாள். அந்த வாரம் நான் சாப்பாடும் சரியில்லாமல் இருந்தேன். சீட்டு போதாது என்று தோன்றியது. 14416-ஐ அழுத்தினேன். டெலி-மானஸ், மனநல ஆலோசனைக்கு அரசு நடத்தும் இலவச எண். தமிழில் பேசினார்கள், அவசரப்படுத்தாமல் கேட்டார்கள். தூக்கமும் சாப்பாடும் கெடுகிற அளவுக்குப் போனால், வாழ்க்கையே வேண்டாம் என்று தோன்றினால், சீட்டைத் தூரப் போட்டுவிட்டு அந்த எண்ணை அழுத்துங்கள். இதை நம்ம ஊர் ஆண்களுக்குக் கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறேன்.

அவர் அடுத்த புத்தகத்தோடு வந்தார். பறவைகள் பற்றியது. மீன்கொத்தியின் நீலத்துக்காக ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. எனக்கு வலித்ததா என்றால், வலித்தது, ஆனால் நீலம் சரியாக வந்தது. இருவரும் வேலையைப் பற்றி மட்டும் பேசினோம். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் சொல்வது எனக்கு முழுதாகக் காதில் விழுந்தது, அதற்குப் பின்னால் வேறு என்ன என்று தோண்டிக்கொண்டிருக்காமல். இதற்கு மேல் அந்தக் கதையில் ஒன்றுமில்லை.

டீக்கடை நண்பன், ‘விடாத’ என்று சொன்னவன்தான், போன வாரம் அச்சகத்துக்கு வந்தான். அவனுக்கு இப்போது ஒரு பிரச்சினை. ஃபேன்சி ஸ்டோரில் வேலை பார்க்கும் ஒரு பெண் அவன் நம்பரை பிளாக் செய்துவிட்டது.

“மாப்ள, அந்தச் சீட்டை எடு. அன்பிளாக் பண்ணுவாளா கேளு.”

“அந்தப் பொண்ணைப் பத்திக் கேக்கக் கூடாது. உன்னைப் பத்திக் கேளு.”

“என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? அப்ப இந்தச் சீட்டு எதுக்கு?”

கோபமாகத்தான் ஒன்றை உருவினான். பத்து கோல். ஒரு ஆள் பத்துக் கழிகளையும் சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு, முகமே தெரியாத அளவுக்குக் குனிந்து, தூரத்தில் தெரியும் ஊரைப் பார்த்து நடக்கிறான்.

“லோடுமேனா இவன்?” என்றான். அப்புறம் சீட்டைத் திருப்பித் தராமல் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். அப்பா பேரில் எடுத்த தீப்பெட்டி மெஷின் லோன், தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கின வட்டிக் கடன், வண்டி டியூ என்று ஆரம்பித்தவன், நாங்கள் டீக்கடைக்கு நடந்து போய், உட்கார்ந்து, இரண்டாவது டீ வரும்வரை நிறுத்தவில்லை. அந்தப் பெண் பேச்சிலேயே வரவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை. பத்து கோல் இன்னும் அவன் சட்டைப்பையில்தான் இருக்கிறது, என்னிடம் இப்போது 77 சீட்டுதான். வேஸ்ட் ஷீட் குவியலில் இன்னொன்று கிடைக்கிறதா என்று திங்கட்கிழமை பார்க்க வேண்டும்.